ராஜாவின் கிராணி நிறுத்திய இடம்

வெள்ளிக்கிழமை காலை எட்டேகால். பாரோய் நிறுத்தத்தில் பகாவ் பஸ் வந்தது. ஏறினேன். டிக்கெட் ஆறு வெள்ளி எண்பது காசு. கையில் ஒரு பை. அதில் ஒரு மாற்றுச் சட்டை, கைலி, அக்காவுக்கு அரைக் கிலோ முறுக்கு.

கோயில் ஆண்டு மலருக்கு ஒரு பயணக் கட்டுரை வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். போன வருஷம் எழுதியவர் காசிக்குப் போய் வந்தவர். நான் போனது எழுபது கிலோமீட்டர்கூட வராது. படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பிறகு செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினேன். இப்போது ஒரு தொழிற்சாலையில் காவல். பார்த்ததை எழுதுகிறேன்.

போன காரணம் இது. என் அக்கா அஞ்சலை, பகாவுக்கு அந்தப் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் தனியாக இருக்கிறாள். பிள்ளை இல்லை. மாமா போய் ஆறு வருஷம். தோட்டத்தை விற்றாகிவிட்டது. மாத முடிவில் தொழிலாளர் லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள். தண்ணீரை அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்களாம். என் வீட்டில் ஓர் அறை காலி. வா என்று பல தடவை போன் பண்ணினேன். ஒரே பதில்.

"கதை முடியட்டும்டா. வரேன்."

என்ன கதை என்றேன். ராஜா கதை என்றாள். அதற்கு மேல் போனில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைக்கு ஒரு சின்ன லாரி பேசிவிட்டு, நேரில் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். வந்தால் ஏற்றிக்கொண்டு வருவது. வராவிட்டால் லாரி வெறுமனே திரும்பும்.

பாரோய் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். உலு பெண்டுல் பக்கம் வெயில் இன்னும் வரவில்லை. புக்கிட் புத்துஸ் கணவாயில் பனி இறங்கிக் கிடந்தது. புதுப் பாதை பாலம்போல மேலே போகிறது. பழைய பாதை கீழே காட்டுக்குள் வளைந்து வளைந்து கிடக்கும். அந்த வளைவுகளில்தான் நான் லாரி பழகினேன். இப்போது அதைப் பார்க்க முடியவில்லை. வெள்ளையாக ஒன்றும் தெரியாத இடத்தில் பஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சத்தமும் குறைந்துவிட்டது. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

பக்கத்தில் ஓர் அம்மா. கோலா பிலாவில் இறங்குகிறவர்.

"எங்கண்ணே போறீங்க?"

"பகாவ். அக்கா வீடு."

"பாத்துட்டு வரவா, கூட்டிட்டு வரவா?"

"கூட்டிட்டு வர."

"வருவாங்களா?"

"தெரியல."

"தோட்டத்துல இருந்தவங்க லேசுல வர மாட்டாங்கண்ணே. எங்க மாமியாரக் கட்டிலோட தூக்கிட்டு வந்தோம். இன்னைக்கும் வந்து சேந்ததா ஒத்துக்கல."

சொல்லிவிட்டு அவரும் தூங்கிவிட்டார்.

பகாவ் வந்தபோது பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. தேத்தண்ணி இரண்டு வெள்ளி, ரொட்டி சானாய் ஒன்று ஒன்றரை வெள்ளி. கல்லாவில் இருந்தவர் ராமநாதபுரத்துப் பேச்சு பேசினார்.

"ஏழாங்கட்டையா? அங்கன இன்னும் ஆளு இருக்காகளா?"

"நாலு வீடு இருக்கு."

"நாலு வீட்டுக்கு ஒரு ஊரு. நல்லாத்தான் இருக்கும்" என்று சில்லறையைக் கொடுத்தார்.

அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர். பஸ் கிடையாது. எண்ணெய் ஆலையில் குலை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரி ஒன்று நின்றது. பழைய தொழில்காரன் என்று சொன்னதும் ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார். முப்பது வயது இருக்கும்.

"அங்கிள், நாலு மணிக்கு அங்க இருந்தீங்கன்னா ஆபீஸ் கொட்டாய்க்குப் போங்க லா. கிராணி கதை சொல்வாரு. நானும் ரெண்டு தடவ லாரிய நிறுத்திக் கேட்டேன். ஒரே குதிரைச் சண்ட."

"எந்த ஊரு ராஜா?"

"அது தெரியல. ஆனா பாவம், அந்த ராஜாவுக்கு ஒரு நாள்கூட லீவு இல்ல."

தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்கியது. இரண்டு பக்கமும் செம்பனை. வரிசை வரிசையாக, உள்ளே போகப் போக இருட்டு. வெயில் ஓலைக்குள் புகுந்து தரையில் காசு காசாகக் கிடந்தது. வழியில் ஒரு மனிதரையும் பார்க்கவில்லை.

அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா. லாரி எங்க?"

"ஞாயித்துக்கிழம வரும்."

"ம். முறுக்கு வாங்கியாந்தியா?"

ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். "உப்பு தூக்கல்" என்றாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள்.

வீட்டுக்குள் பார்த்தேன். ஒரு சாமான்கூடக் கட்டவில்லை. சாமி படம் சுவரிலேயே இருந்தது. சாப்பிட்டு, தரையில் பாய் விரித்துப் படுத்தேன். எழுந்தபோது அக்கா சேலை மாற்றித் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"வா. மணி ஆச்சு."

ஆபீஸ் கொட்டாய் என்பது பழைய பெரட்டுக் களம். விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். தகரக் கூரை பாதி இருக்கிறது. கிராணி என்றால் தோட்ட ஆபீஸில் எழுதுகிறவர். இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பேர் கூப்பிடுவதும், வந்தவன் வராதவன் எழுதுவதும், தொரைக்குப் பக்கத்தில் நிற்பதும் அவர்தான். ஏழாங்கட்டையின் கடைசிக் கிராணி சுந்தரம். எண்பதை நெருங்கிவிட்டார். மகள் மந்தின் ஊரில் இருக்கிறாள். அவளும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.

கிராணி அதே பழைய மேசையில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். கதைக்கு முன்னால் பேர் கூப்பிட்டார்.

"முனியாண்டி."

"இருக்கேன்." இவர் முன்பு தோட்டத்துக் காவல்காரர்.

"லட்சுமி."

"இருக்கேன்." முனியாண்டியின் மனைவி.

"அஞ்சலை."

"இருக்கேன்."

"ரஃபீக்."

"ஆடா" என்றார் பின்னால் நின்ற வங்காளதேசத்து ஆள். குலை வெட்டுகிறவர். மலாய்தான் தெரியும். தமிழில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் பிஸ்கட் பொட்டலத்தோடு தினமும் வந்துவிடுவாராம்.

போன வருஷம் பாதிக் குடும்பங்கள் போன பிறகு, மிச்சம் இருந்தவர்கள் சாயந்திரம் இங்கே வந்து சும்மா உட்காருவார்களாம். பேச ஒன்றும் இருக்காது. ஒரு நாள் கிராணி இந்தப் புத்தகத்தோடு வந்தார். கடைசி வெள்ளைக்காரத் தொரை பங்களாவைக் காலி செய்தபோது விட்டுப்போனது. அட்டை இல்லை. ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. இங்கிலீஷில் இருக்கிறது. கிராணி பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வார். விளையாட்டாகத்தான் அன்றைக்குப் பேர் கூப்பிட்டாராம். அதுவே வழக்கமாகிவிட்டது.

கதை நடந்து எண்ணூறு வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது இஸ்தான்புல் என்கிற ஊர் அப்போது கான்ஸ்டான்டிநோப்பிள். பைசாந்தியம் என்ற ராஜ்யத்துக்குத் தலைநகர். அந்த ராஜாவுக்குக் கடிதம் எழுத ஒருத்தன் இருந்தான். ராஜா படையோடு போனால் அவனும் போவான். அவன் எழுதிய ராஜா கதை இது. படித்தவர்களிலும் அவனைத் தெரிந்தவர்கள் குறைவாம். அந்தக் காலத்துக் கையெழுத்தில் உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியதாம். பேரைக் கிராணி எனக்குச் சொன்னார். வாயில் நுழையவில்லை. அங்கே யாரும் பேர் சொல்வதும் இல்லை. "ராஜாவோட கிராணி" என்பார்கள்.

அன்றைக்குக் கிராணி புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இருமினார். தொண்டை சரியில்லை, பழசையே சொல்கிறேன் என்றார். கேடயக் கதையைச் சொன்னார். ராஜாவின் கேடயத்தை வேறு ஊர்ப் பிரபு ஒருவன் தூக்கிப் பார்க்கிறான். முடியவில்லை. ராஜா அதைக் கையில் மாட்டிக்கொண்டு குதிரையில் போவான். அவன் வீரத்தைப் பற்றி அரண்மனையில் பேசியதை ராஜாவின் கிராணி முதலில் நம்பவில்லையாம். முகஸ்துதிக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்தானாம். பிறகு ஒரு சண்டையில் தன் கண்ணாலேயே பார்த்தானாம்.

"சம்பளம் வாங்குறவன் கண்ணு" என்றார் முனியாண்டி.

கிராணி சிரித்தார். "நான்கூட தொரையப் பத்தி அப்படித்தான் எழுதியிருப்பேன்னு சொல்ற."

"நான் சொல்லல. நீங்களே சொல்றீங்க."

"சும்மா இருங்க" என்றாள் லட்சுமி. "ராஜா நோயாளிக்கு மருந்து குடுப்பானே, அதச் சொல்லுங்க கிராணி."

அதையும் சொன்னார். ராஜாவே நாடி பார்ப்பானாம், மருந்து கலக்குவானாம். அதையும் அந்தக் கிராணி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

"நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எல்லா நோவுக்கும் ஒரே மருந்து குடுப்பாரு" என்றாள் அக்கா. "அவரு ராஜா மாதிரி. இவன் டிரஸ்ஸர் மாதிரி."

ரஃபீக் பின்னாலிருந்து கேட்டார். "ராஜா மெனாங்?"

ராஜா ஜெயித்தாரா என்று அர்த்தம். தினமும் கடைசியில் இதைக் கேட்பாராம்.

"பெலும்" என்றார் கிராணி. இன்னும் இல்லை.

ரஃபீக் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எல்லோரும் எழுந்தார்கள். வெயில் செம்பனை மட்டைக்குப் பின்னால் போயிருந்தது. அந்த வெளிச்சத்தில் மரங்கள் ஒரே உயரத்தில் நின்றன. ஒரு படை நிற்பதுபோல எனக்குப் பட்டது. அத்தனை பேரும் வாய் திறக்காமல், எவனோ கூப்பிடக் காத்திருப்பதுபோல.

அக்கா முன்னால் போய்விட்டாள். கிராணி என் கையைப் பிடித்தார்.

"தம்பி, கொஞ்சம் நட."

ஓடைப்பக்கம் நடந்தோம்.

"லாரி சொல்லிட்டியா?"

"ஞாயித்துக்கிழம காலைல."

"அஞ்சலை வராது. கதை முடியலையே."

"எப்ப முடியும்?"

புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"முடிஞ்சு எட்டு நாளாச்சு."

புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கம் பாதியில் நின்றது. கீழே வெள்ளையாக இருந்தது. ராஜா பெரிய படையோடு எதிரியின் தலைநகரத்துக்குக் கிளம்புகிறான். அந்தக் கோட்டையைப் பிடித்துவிட்டால் ராஜ்யத்துக்குக் கவலை தீர்ந்தது. அந்த இடத்தில், ஒரு பேச்சு முடியுமுன்பே எழுத்து நின்றுவிட்டது. கடைசித் தாள்கள் தொலைந்ததா, அவனே நிறுத்தினானா, யாருக்கும் தெரியாதாம்.

"ராஜா போய்ச் சேந்தானா?" என்று கேட்டேன்.

"இல்ல. முன்னுரையில போட்டிருக்கு. வழியில ஒரு மலைக்கணவாய். படை நீளமா உள்ள போச்சு. ரெண்டு பக்கமும் மேலேருந்து அடிச்சான். ராஜா உயிரோட வந்தான். ஆனா அதுக்கப்புறம் பழைய ராஜாவா இல்லையாம்."

தண்ணீர் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"நானே முடிச்சிரட்டுமா?" என்றார். "கோட்டையப் பிடிச்சான், ஊரே வந்து மாலை போட்டுச்சுன்னு. ஒரு நாள் வேலை. தொரைக்கு எவ்வளவோ எழுதிக் குடுத்திருக்கேன். நல்ல மழை, நல்ல பாலு, ஆளுங்க சந்தோசமா இருக்காங்கன்னு. மாசா மாசம் லண்டனுக்குப் போகும். அப்ப கை கூசல. இப்ப வாய் கூசுது."

"உள்ளதச் சொல்லுங்க கிராணி."

"சொன்னா எல்லாரும் போயிடுவீங்க."

"மாசக் கடைசியில எப்படியும் போகணும்."

"அது தண்ணிய நிறுத்தினா போறது. இது வேற."

திரும்பி நடந்தோம்.

ராத்திரி அக்காவிடம் கேட்டேன். கோட்டைக்கு ராஜா போனாலென்ன, போகாவிட்டாலென்ன என்று.

"நான் எதையும் பாதியில விட்டதில்லடா" என்றாள். "இதையும் விட மாட்டேன்."

சனிக்கிழமை. பனி விலகும் நேரம். அக்கா ஓடைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனாள். செம்பனை போடும்போது அழிக்காமல் விட்ட ரப்பர்ப் பால்மரங்கள் ஏழெட்டு அங்கே நிற்கின்றன. சருகு காலடியில் நொறுங்கியது. பனியில் மரத்தின் அடி மட்டும் தெரிந்தது. மேலே ஒன்றும் இல்லை. எல்லாம் தண்ணீருக்குள் நிற்பதுபோல இருந்தது.

"இது என் நிரை" என்றாள். அவள் பால் வெட்டிய வரிசை அது.

ஒரு மரத்தைத் தொட்டாள். பட்டை மூடிவிட்டது. வெட்டின தடம் மட்டும் சாய்ந்து இறங்குகிறது. கீழே வரவில்லை. நடுவில் ஒரு படிபோல நிற்கிறது.

"ஏன் பாதியில நிக்குது?"

"மழை வந்துச்சு. உளிய எடுத்துக்கிட்டு ஓடியாந்துட்டேன். மழையில வெட்டினா பாலு மங்குக் கிண்ணத்துக்கு வராது, மரத்துல வழிஞ்சு போயிடும். மறுநா வந்து பாத்தா மரத்துல சிவப்பு மை. அழிக்கப் போறாங்கன்னாங்க. உளிய ஆபீஸ்ல குடுத்தாச்சு."

அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெருவிரலால் அந்தப் படியைத் தடவினாள். நான் ராத்திரி அவள் சொன்னதை நினைவுபடுத்தவில்லை. அவளுக்கே நினைவு வந்திருக்கும். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"வா, பசிக்குது" என்றாள்.

நாலு மணி. கொட்டாயில் எல்லோரும் வந்துவிட்டார்கள். கிராணி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பேர் கூப்பிட்டார். இருக்கேன், இருக்கேன், இருக்கேன், ஆடா. பிறகு என்னைப் பார்த்தார்.

"மாரிமுத்து."

சின்ன வயதில் அவர் என் அப்பாவின் பேரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். என் பேரை இந்தக் களத்தில் யாரும் கூப்பிட்டதில்லை. லாரி ஆட்களுக்குப் பெரட்டு கிடையாது.

"இருக்கேன்" என்றேன்.

புத்தகத்தைத் திறந்தார். இருமவில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இதோட எழுத்து இல்ல" என்றார். "ராஜா கிளம்பிட்டான். அதுக்கு மேல அவன் எழுதினது நம்மகிட்ட இல்ல."

கூரைத் தகரம் வெயில் இறங்கிச் சடசடத்தது.

"கிராணி மறைக்கிறாரு" என்றாள் லட்சுமி.

"மறைக்கல புள்ள."

முனியாண்டி எழுந்து புத்தகத்தை வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா. பாதிப் பக்கம் வெள்ளையாத்தான் கெடக்கு." பிறகு, "கிராணிங்க எல்லாருமே இப்படித்தானா? முக்கியமான இடத்துல பேனாவ மூடிடுவீங்களா?" என்றார்.

கிராணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கணவாயைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அல்லது மாலை போட்டதை. எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் அக்கா பேசினாள்.

"மழை வந்திருக்கும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எழுதிக்கிட்டே இருந்திருப்பான். மழை வந்திருக்கும். போட்டுட்டு ஓடியிருப்பான். நாம எத்தன தடவ அரை நிரையில இறங்கி வந்திருக்கோம். ஏன் பாதியில நிக்குதுன்னு எவனாச்சும் மரத்தக் கேட்டானா?"

முனியாண்டி புத்தகத்தை மேசையில் வைத்தார். லட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "அந்த ஊர்லயும் மழை பெய்யுமா கிராணி?" என்று கேட்டாள்.

"பெய்யும்" என்றார் கிராணி. "நிறையவே பெய்யும்."

"அப்ப சரி."

ரஃபீக்குக்கு ஒன்றும் புரியவில்லை. "ராஜா மெனாங்?"

கிராணி அவரைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"பெலும்" என்றார்.

அக்கா எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "மாரி, வா. சாமி படத்த இறக்கணும். எனக்கு எட்டாது."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு லாரி வந்தது. நூற்றெண்பது வெள்ளி பேசியிருந்தேன். சாமான் கொஞ்சம்தான். கட்டில், பீரோ, அம்மி, மூன்று மூட்டை. ஏற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ரஃபீக் பீரோவுக்குக் கை கொடுத்தார். முனியாண்டி கயிறு கட்டினார். அடுத்த வாரம் அவர்களும் பகாவ் அடுக்குமாடிக்குப் போகிறார்களாம். கிராணி மகளுக்குப் போன் பண்ணிவிட்டதாகச் சொன்னார்.

"புதன்கிழம வரச் சொல்லியிருக்கேன்" என்றார், பொதுவாக யாரிடமோ சொல்வதுபோல.

அக்கா கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை. வண்டியில் ஏறினாள். கொட்டாயைத் தாண்டும்போது கிராணி மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குரல் கொடுத்தார்.

"அஞ்சலை."

லாரி நிற்கவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"வரல" என்றாள். பெரட்டில் வராதவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் சொல்வதுபோல, சாதாரணமாக.

கிராணி கையால் காற்றில் ஒரு கோடு போட்டார். எழுதிக்கொண்டார் என்று அர்த்தம்.

பகாவ், கோலா பிலா வழியே வந்தோம். ஓட்டுநர் சீனர். பாட்டுப் போட்டார், குறைவான சத்தத்தில். அக்கா வழியெல்லாம் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். புக்கிட் புத்துஸ் ஏறும்போது மறுபடியும் பனி. மத்தியானத்தில் பனி வருவது அபூர்வம். இரண்டு பக்கமும் மலை இருக்கிறது என்று தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லை.

"மாரி."

"ம்."

"ராஜா தோத்துட்டான்ல?"

நான் ரோட்டைப் பார்த்தேன். என்னை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை.

"ஆமா. இந்த மாதிரி ஒரு கணவாயில."

"தெரியும்."

"எப்படி?"

"எட்டு நாளா இருமினாரு. தோட்டத்த விக்கிற காயிதம் வந்த வாரமும் இப்படித்தான் இருமினாரு. எங்ககிட்ட சொல்ல மனசு வரல அந்த மனுசனுக்கு."

"பின்ன ஏன் மழைன்னு சொன்ன?"

"யாராச்சும் முடிச்சு வெச்சாத்தானே அவரு எந்திரிப்பாரு. மக வீட்டுக்குப் போக வேணாமா."

லாரி ஒரு வளைவு திரும்பியது. பிறகு, "எனக்கும்தான்" என்றாள்.

பனி விலகியது. கீழே பாரோய் தெரிந்தது. வீட்டுக் கூரைகள், தண்ணீர்த் தொட்டி, பள்ளிவாசல். அத்தனையும் வெயிலில் சின்னதாக, யாரோ பரப்பி வைத்ததுபோல. ராஜா கணவாயைத் தாண்டி வந்திருந்தால் அவனுக்கும் இப்படி ஒரு ஊர் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

இது எழுதும்போது அக்கா வந்து ஐந்து வாரம் ஆகிறது. தோட்டத்து வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நிறைய வித்தியாசம். இங்கே தண்ணீர் நிற்காது. சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று தெரியாது. கோழி கிடையாது. நாலு மணி என்பது இங்கே பள்ளி வேன் வரும் நேரம், வேறொன்றும் இல்லை. முதல் வாரம் அக்கா அந்த நேரத்தில் தலை வாரிக்கொண்டு கூடத்தில் வந்து உட்காருவாள். தொலைக்காட்சி ஓடும். பார்க்க மாட்டாள்.

இரண்டாம் வாரம் என் மனைவி கேட்டாள். "என்ன அண்ணி யோசிக்கிறீங்க?"

"ஒரு ராஜா வேட்டைக்குப் போனான்" என்றாள் அக்கா. "விஷ அம்பு கையில பட்டுருச்சு. சாகப் போறான். கூடாரத்துல படுத்துக்கிட்டு, பெரிய மகன விட்டுட்டுச் சின்ன மகன ராஜாவாக்கிட்டான். அந்தச் சின்னவன்தான் நம்ம ராஜா."

"அதென்ன நியாயம்?"

"நல்ல வேளை, எங்கப்பாகிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல" என்று என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து தினமும் நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் வருகிறாள். இப்போது கேடயம் வரைக்கும் வந்திருக்கிறார்கள். அக்கா அவசரப்படுவதில்லை. எழுதினவனைப் பற்றியும் சொல்கிறாள். அவனுக்குப் பேர் இல்லை. ராஜாவோட கிராணிதான்.

நேற்று முடித்து எழும்போது என் மனைவி கேட்டாள். "கடைசியில ராஜா ஜெயிச்சிடுவாரா அண்ணி?"

எனக்குத் தெரியும். அக்கா கொடியில் காயும் துணியை எடுக்க வெளியே போய்க்கொண்டிருந்தாள். வானம் நன்றாகத்தான் இருந்தது.

"பெலும்" என்றாள், திரும்பாமல்.